மேல் நரம்பு

கெங்கம்மாளின் முகத்தில் வலப்பக்கம் மட்டும் அழுக்கு ஏறிக் கிடந்தது. மூக்குக்கு நேராகக் கோடு கிழித்தது போல, இடப்பக்கம் துடைத்த பாத்திரமாகவும் வலப்பக்கம் அடுப்படிச் சுவராகவும் இருந்தது. அந்தப் பக்கத்துத் தலைமயிரில் சீப்புப் பட்டு மாதம் ஒன்றாகியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தொடுவதற்கு முன்பே, அந்த அழுக்கைப் பார்த்துத்தான் நோயைச் சொன்னார்.

"இது பல்லு இல்லம்மா. நரம்பு."

"அப்ப பிடுங்கின பல்லுங்க?" என்றான் அவள் புருஷன் காசி.

நாலு பல் போயிருந்தது. நாலும் நல்ல பல். ஒடுகத்தூர்ச் சந்தையில் கோணியை விரித்து உட்கார்ந்து பல் பிடுங்கும் சிங்காரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அவன் ஏமாற்றினான் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பல் போன பிறகும் பத்து நாள், இருபது நாள் வலி அடங்கித்தான் இருந்தது. திரும்ப வந்ததும், 'பக்கத்துப் பல்லுக்குத் தாவிட்டிருக்கு' என்றான் சிங்காரம். அதையும் பிடுங்கினான். நாலாவது பல்லுக்குப் பிறகு அவனே, 'இனிமே பிடுங்கினா களி திங்கறதுக்குக்கூட வாய் இருக்காது' என்று அனுப்பிவிட்டான். அப்புறம் மலைமேல் அவள் ஊரில் மஞ்சள் கொம்பைச் சுட்டுத் தாடையில் சூடு வைத்தார்கள். சூட்டுக் காயம் ஆறியது. வலி ஆறவில்லை.

"கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் ஊரில் கரண்டு கிடையாது. வலப்பக்க உதடு அசையாமல், இடது வாயோரத்தால் பேசினாள். "பழுக்கக் காய்ச்சின கம்பியைக் காதுக்குள்ள விட்டு உதட்டு வழியா உருவற மாதிரிங்க. மூச்சு வாங்கறதுக்குள்ள போயிடும். போனது போதாதுன்னு திரும்பி வரும்."

காற்றுப் பட்டால் வரும். தண்ணீர் பட்டால் வரும். மென்றால், பேசினால், கொட்டாவி விட்டால் வரும். ஆடி மாசத்துக் காற்றில் ஜவ்வாது மலையில் மரமே தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டு மூலையில் குந்தியிருப்பாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் யாரிடமும் முழுதாக நாலு வார்த்தை பேசவில்லை. கெங்கம்மாளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சில பேர் சொன்னார்கள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று சில பேர் சொன்னார்கள்.

டாக்டர் இடது கண்ணை விலக்கிப் பார்த்தார். "இது எப்போலேந்து?"

"ஆறு வயசுல அம்மை போட்டப்ப பூ விழுந்துதுங்க. வெளிச்சம் தெரியும். ஆளு தெரியாது."

டாக்டர் அதைத் தாளில் எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டார்.

முதலில் மாத்திரை கொடுத்தார். மாத்திரை எட்டு மாதம் அரைகுறையாகக் கேட்டது. அப்புறம் ஒன்று ரெண்டாகி, ரெண்டு நாலாகி, நாலு சாப்பிட்டதும் தலை கிறுகிறுத்தது. விறகுக் கட்டோடு ஓடைச் சரிவில் உருண்டாள். கட்டு முன்னால் உருண்டு போனதால் பிழைத்தாள். காசி மறுபடி வேலூருக்குக் கூட்டிப் போனான்.

இந்த முறை டாக்டர் ஆப்பரேஷன் பேச்சை எடுத்தார். காதுக்கு மேலே மண்டையைத் திறந்து நரம்பை அறுப்பது. வலி போகும். ஆனால் முகத்தில் அந்தப் பாதிக்கு உணர்ச்சியும் போகும், போனது திரும்பாது.

"அறுக்கறதுக்கு முன்னால ஒரு ஊசி போடறேன். கொஞ்ச மாசம் பாதி முகம் மரத்துக் கிடக்கும். ஆப்பரேஷன் பண்ணினாலும் இப்படித்தான் இருக்கும், சாகற வரைக்கும். வூட்டுக்குப் போய் இதோட வாழ்ந்து பாத்துட்டு வந்து சொல்லு, வேணுமா வேணாமான்னு."

"ஊசியில இன்னா மருந்துங்க?" என்றான் காசி.

"சுத்தமான ஸ்பிரிட். சாராயம்னு வெச்சுக்கயேன்."

காசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் ஒரு கிளாஸ் குடிச்சா ஊரைக் கூட்டுவியே. இப்ப உன் நரம்புக்கே ஊத்திக்கினு வர்றியா?"

அந்த ஊசியைக் கன்னத்தின் வழியாக உள்ளே விட்டபோது கெங்கம்மாள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற காசிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் அவள் ஓடைக்குப் போய் முகம் கழுவினாள். கல்லில் தேய்ப்பது போலத் தேய்த்தாள். அழுக்கு ஓடியது. வலப்பக்கம் யாருடைய முகமோ போல இருந்தது. கைக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்குக் கை தெரியவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்து வாய் நிறைய மென்றாள். ரெண்டு வருஷத்தில் காசியைத் திட்ட வேண்டியது எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. கூரை ஒழுகினது, ஆடு விற்றது, சம்பந்தி வீட்டில் குடித்துவிட்டு விழுந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து ராத்திரிச் சோறு ஆறும் வரை திட்டினாள். காசி தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டிலிருந்து அவன் தங்கை மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, ஊசி நல்லா வேலை செய்யுது. அண்ணனுக்கும் ஒண்ணு போட்டுக் கூட்டியாந்திருக்கலாம், காதுல."

பாதி முகம் செத்துக் கிடப்பதில் உள்ள தொல்லைகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. கஞ்சி வலது வாயோரம் வழிந்தது. அவளுக்குத் தெரியாது, எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். கன்னத்தின் உள்சதையைச் சோறென்று நினைத்துக் கடித்தாள். வெற்றிலையைப் பழக்கத்தில் வலப்பக்கம் அடக்கிக்கொண்டு வேலை செய்தாள். சுண்ணாம்பு உள்ளே வெந்து புண்ணாகி, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. வெற்றிலையை இடப்பக்கம் மாற்றினாள். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று இருந்தது. யாராவது கேட்டால், "கெடக்கட்டும், செத்தது செத்ததாவே கெடக்கட்டும்" என்றாள்.

கார்த்திகையில் சாமை அறுப்பு வந்தது. அந்த ஊரில் ஒரு வீட்டுக் களத்து வேலைக்கு மற்ற வீட்டார் எல்லாரும் போவார்கள். அவர்கள் களத்துக்கு இவர்கள் போவார்கள். அதில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. கெங்கம்மாள் வேலை தூற்றுவது. முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, காற்று வரும் திசைக்குத் தோள் கொடுத்து நின்று, உமிச் சொங்கு ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் விழ ஆட்டுவதற்கு அவளைப் போல் கை அந்த ஊரில் இல்லை. ரெண்டு வருஷமாகக் காற்றுக்கு முகம் காட்ட முடியாமல் அந்த வேலை அவள் கையை விட்டுப் போயிருந்தது. இப்போது போனாள். மூன்று களம் தூற்றினாள். மூன்றாவது களத்தில் பொழுது சாயும் நேரம் மாணிக்கம்மாள் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னா அண்ணி கண்ணு இது? மொளகாப் பழமாட்டம் கீது!"

"எந்தக் கண்ணு?"

"நல்ல கண்ணு!"

கருவிழி மேல் சாமைச் சொங்கு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. மரத்த பக்கத்துக் கண், உறுத்தவில்லை; எப்போது விழுந்ததோ தெரியாது. காலையிலாக இருக்கலாம், முந்தின நாளாகவும் இருக்கலாம். அவள் அதன் மேலேயே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி நாள் முழுக்க வேலை செய்திருந்தாள். மாணிக்கம்மாள் முந்தானை நுனியை நனைத்துச் சொங்கை எடுத்தாள். மறுநாள் காலையில் அந்தக் கண்ணிலும் பால் போல ஒரு புள்ளி. காசி அவளைக் கீழே இறக்கி வேலூருக்குக் கொண்டுபோனான்.

பன்னிரண்டு நாள் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். திறந்திருந்த கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கட்டில் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவிப் பழகினாள். கக்கூசுக்குக் காசிதான் கையைப் பிடித்து நடத்திப் போய், வெளியே நின்று இருமுவான். ஒரு நாள் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவசரமாகிவிட்டது. தானே போகலாம் என்று எழுந்து, ஆம்பளைகள் வார்டுக்குள் நுழைந்துவிட்டாள். சத்தம் போட்டு யாரோ திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு அழுததுபோல அவள் முகவலிக்குக்கூட அழுததில்லை.

கண் பிழைத்தது. ஓரத்தில் கடுகளவு தழும்போடு பிழைத்தது.

சித்திரையில் ஒரு நாள் பச்சை விறகு புகைந்து அவளுக்கு வலது கண் எரிந்தது. எரிந்ததும் தண்ணீர் வடிந்தது. அவள் அடுப்பை விட்டு எழுந்து ஓடினாள்.

"யோவ், எரியுதுய்யா! கண்ணு எரியுது!"

"அப்ப வந்து இந்தப் பக்கம் உக்காரு. புகையில உக்காந்தா எரியாம இன்னா பண்ணும்?" என்றான் காசி. சொன்ன பிறகுதான் விளங்கியது அவனுக்கு. ஊசியின் வேகம் இறங்கிவிட்டது. அவள் சந்தோஷமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அவன் முகம் சுண்டிப்போனது.

வலியும் திரும்பும் என்று அவன் நினைத்தது சரி. எட்டாம் நாள் உதட்டில் ஒரு பொறி. பத்தாம் நாள் முழுக் கம்பி. மறுபடி முந்தானை, மறுபடி மூலை.

காசிக்கு இதில் இரண்டாம் யோசனை கிடையாது. "அறுத்துடலாம். அந்தக் கண்ணை நான் பாத்துக்கறேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. கண்ணாடி வாங்கிப் போட்டுக்க. தூத்தறதுக்குப் போவாத."

"தூத்தப் போவலன்னா நம்ப களத்துக்கு எவ வருவா? உன் மூஞ்சிக்கா வருவாங்க?" அவள் ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் தூத்தறேன்" என்றாள் மாணிக்கம்மாள். "அண்ணி என் வேலையைச் செய்யட்டும், கதிர்க்கட்டு சுமக்கட்டும். ஆனா அண்ணா, நீ கண்ணைப் பாத்துக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆடு மேய விட்டுட்டு வந்தா எண்ணிப் பாக்கமாட்ட. ரெண்டு நாளைக்குப் பாப்ப. மூணாம் நாள் சாராயம் எங்க காச்சறான்னு பாக்கப் போய்டுவ."

"இவ இப்படித் துடிக்கிறதைப் பாத்துகினு எத்தினி வருசம் இருக்கச் சொல்ற நீ? ரெண்டு வருசம் இந்த வூட்ல பொணம் கெடக்கற மாதிரி இருந்துது. ஆறு மாசம் திட்டினா. அது போதும்னு கீது எனக்கு. திட்டட்டும்."

கெங்கம்மாள் முந்தானைக்குள் இருந்தபடி ரெண்டையும் யோசித்தாள். வலி என்றால் பட்டினி, மூலை, ஊர்ப் பேச்சு. கண் போனால் கக்கூசுக்குக் கை பிடித்து நடத்த ஒரு ஆள். கண் பெரிசு என்று நினைக்கும்போது வலி வந்து கன்னத்தைக் கிழித்தது. வலி பெரிசு என்று நினைக்கும்போது ஆம்பளைகள் வார்டில் கேட்ட சத்தம் ஞாபகம் வந்தது. வைகாசியில் எடை குறைந்து ரவிக்கை தொளதொளத்த பிறகு, சரி போகலாம் என்று கையைக் காட்டினாள்.

டாக்டர் ஒரு தாளில் முகம் வரைந்து, காதருகிலிருந்து மூன்று கிளை போட்டார். ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும். ஒன்று கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும். ஒன்று தாடைக்கு.

"போன தடவை ஊசி மூணையும் மரக்க வெச்சுது. அறுக்கும்போது நான் கீழ் ரெண்டை மட்டும் அறுத்து, மேல் நரம்பை விட்டு வைக்கலாம். கண்ணுக்கு உணர்ச்சி இருக்கும். ஆனா உன் வலி மேல் நரம்புலயும் வந்தா, அதை விட்டு வெச்சுப் பிரயோசனம் இல்ல. அந்த இடத்துல வலி தங்கிடும். அதனால சரியா சொல்லு. கண்ணுக்கு மேல, புருவத்துல வருதா?"

"வருதுங்க" என்றான் காசி. "வரும்போது நெத்தியைப் பிடிச்சுப்பா."

"அவங்க சொல்லட்டும்."

கெங்கம்மாள் யோசித்தாள். வராது என்று சொல்லிவிட்டால் கண் தப்பும். ஆனால் பொய் சொல்லி மண்டையைத் திறந்துகொள்வதா? வரும் என்று சொன்னால் மூன்றையும் அறுத்துவிடுவார். வருவது உண்மை. எவ்வளவு வருகிறது என்பது அவளுக்கே தெரியாது. துடிக்கிறவள் எங்கே துடிக்கிறது என்று எண்ணிக்கொண்டா இருப்பாள்?

"ஒரு நாள் குடுங்க" என்றாள். "எண்ணிச் சொல்றேன்."

டாக்டரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. "நாளைக்குக் காலைல வரைக்கும்" என்றார்.

காசி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் மிச்சமிருந்தது. கட்டில் மேல் கடலையைக் கொட்டி வைத்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் ஒரு கடலையை எடுத்துத் தள்ளினாள். தாடைக்கு ஒரு குவியல், கன்னத்துக்கு ஒரு குவியல், புருவத்துக்கு ஒரு குவியல். சோறு வந்தது. வேண்டுமென்றே வலப்பக்கம் மென்றாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் காற்றில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் ஓடி ஒளிந்ததை இன்றைக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். காசியால் பார்க்க முடியவில்லை, வராந்தாவுக்குப் போய்விட்டான்.

நர்ஸ் வசந்தி வந்தாள். "ஏம்மா, ஆப்பரேஷன் கேஸு நீ. கட்டில்ல கடலை உரிச்சுத் தின்னுகிட்டிருக்கே?"

"திங்கலம்மா. எண்றேன்."

"எதை?"

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. கெங்கம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி, போன பிறகு ஒரு கடலையை நடுக் குவியலில் வைத்தாள். வசந்திக்குப் புரிந்தது. எலி வராமல் இருக்க ஒரு டப்பா கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் டாக்டர் வந்தபோது மூன்று குவியல் இருந்தது. அவளுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். "தாடைக்கு இருபத்தி மூணு. கன்னத்துக்கு முப்பத்தொண்ணு. புருவத்துக்கு ஆறுங்க."

"ஆறு வருதே."

"வருது. அந்த ஆறு இருக்கட்டும். அதை நான் வெச்சுக்கறேன். மிச்சத்தை அறுத்துடுங்க."

காசி முன்னால் வந்தான். "இன்னா நீ, கறிக்கடையில பங்கு பிரிக்கிற மாதிரி! அறுக்கறது அறுக்கறாங்க, முழுசா அறுத்துக்கினு..."

"நீ சும்மா இருய்யா. புருவத்துல வர்றது முழுசா வர்றது இல்ல. பாதியில நிக்குது. மெல்றதுக்கு வராது, பேசறதுக்கு வராது. காத்துக்குத்தான் வருது. காத்துக்கு நான் மூடிக்கறேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேட்டுக்கம்மா. அந்த ஆறு, பின்னால அறுபது ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஆனா ரெண்டாம் தடவை மண்டையைத் திறக்கறது மொதல் தடவை மாதிரி சுலபம் இல்ல. இன்னொண்ணு. மூணு நரம்பும் ஒரு வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். விடணும்னு நெனச்சாலும் கத்தி பட்டுடலாம். பத்துப் பேர்ல ரெண்டு பேருக்கு அப்படி ஆகுது. நூறு பேர்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ மேஜையிலயே போயிடறாங்க."

"நூறு பேரை உடுங்க. உங்க கையில எத்தினி பேரு?"

காசி அவளை முழங்கையால் இடித்தான். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "முப்பத்தி நாலு. ஒருத்தர் செத்தார். அவருக்கு இருதயம் சரியில்ல, எனக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். மூணு பேருக்குக் கண்ணு புண்ணாச்சு. அதுல ஒருத்தருக்குப் பார்வை போச்சு."

"அவருக்கு இன்னொரு கண்ணு இருந்துதுங்களா?"

"இருந்தது."

அதற்குள் வலி ஒரு தடவை வந்து போனது. அவள் வாயைப் பொத்தி, விட்டாள்.

"எனக்கு அது ஒண்ணுதாங்க. கத்தி வெக்கும்போது நெனவு வெச்சுக்கினு வெய்யுங்க. தெரியாம பட்டுட்டா உங்க மேல சொல்லமாட்டேன். தெரிஞ்சு அறுக்காதீங்க."

"கையெழுத்து யார் போடறது?" என்று வசந்தி காசியிடம் தாளை நீட்டினாள். காசி மையை விரலில் தடவிக்கொண்டு, போடாமல் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தன் பெருவிரலை மையில் அழுத்தி முதலில் வைத்தாள். பிறகு அவன் வைத்தான். அவன் விரல் வழுக்கியதில் ரேகை இழுபட்டுப்போனது. வசந்தி இன்னொரு தாள் எடுத்து வந்தாள்.

தலையில் வலப்பக்கம் சிரைத்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ரெண்டு மாசமாகச் சீப்புப் படாத சிக்குதான் போனது.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டாக்டர் பஞ்சிலிருந்து ஒரு இழையைத் திரித்து எடுத்துக்கொண்டு வந்தார். தாடையில் வைத்தார், தெரியவில்லை. கன்னத்தில், உதட்டில், தெரியவில்லை. "மேல பாரு" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து கருவிழி ஓரத்தில் இழையைத் தொட்டார். இமை பட்டென்று மூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, தெரியாத கன்னத்தில் இறங்கி, தாடையில் சொட்டியது.

டாக்டர் இழையைக் கீழே போட்டார். பிறகு இன்னொரு இழை எடுத்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

மத்தியானம் காற்றாடிக்கு நேராகப் படுத்திருந்தபோது புருவத்தில் வந்தது. காசி பதறி எழுந்தான். "இன்னா? வந்துடுச்சா?"

"வந்துது." அவள் போர்வையை நெற்றி வரை இழுத்துக்கொண்டாள். "அந்தக் காத்தாடியை நிறுத்து. நிறுத்திட்டு அந்தக் கஞ்சியை எடு. பசிக்குது."

காசி காற்றாடியை நிறுத்தினான். அடுத்த கட்டில்காரி புழுங்குகிறது என்று கத்தினாள். கெங்கம்மாள் பாதி வாயால், முழுச் சத்தத்தில், அவளுக்குப் பதில் சொன்னாள்.